தமிழ்நாட்டில் இறப்புப் பதிவு

தமிழ்நாட்டில் இறப்புப் பதிவு என்பது, மாநில எல்லைக்குள் நிகழும் ஒவ்வோர் இறப்பையும் அரசுப் பதிவேட்டில் ஏற்றி, அப்பதிவின் அடிப்படையில் இறப்புச் சான்றிதழ் வழங்கும் சட்ட நடைமுறை ஆகும். இந்திய நாடாளுமன்றம் இயற்றிய 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும், அதன் கீழ் மாநில அரசு வகுத்த 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பிறப்பு இறப்புப் பதிவு விதிகளும் இதற்கு அடிப்படையாக உள்ளன. 2023-ஆம் ஆண்டில் சட்டம் விரிவாகத் திருத்தப்பட்டது.

இறப்புப் பதிவு இரண்டு பயன்களைக் கொண்டது. முதலாவது, இறந்தவரின் குடும்பத்துக்குரிய சட்ட உரிமை. குடும்ப ஓய்வூதியம், ஆயுள் காப்பீட்டுத் தொகை, வங்கி வைப்பு, பட்டா மாற்றம், வாரிசுச் சான்றிதழ் ஆகிய அனைத்துக்கும் இறப்புச் சான்றிதழே முதல் ஆவணம். இரண்டாவது, மக்கள் எந்த வயதில், எந்த நோயால் இறக்கின்றனர் என்னும் பொதுநல அறிவு. ஒரே இறப்பில் இருந்து பெறப்படும் இவ்விரு வகைத் தகவல்களையும் சட்டம் தனித்தனியே பிரித்துக் கையாளுகின்றது. இப்பிரிவினையை அறியாததால்தான் பெரும்பாலான குழப்பங்கள் எழுகின்றன.

பேச்சுவழக்கில் "டெத் சர்டிபிகேட்" என்னும் ஒரே பெயரால் மூன்று வெவ்வேறு தாள்கள் குறிக்கப்படுகின்றன. அவையாவன:

* இறப்பு அறிக்கை (படிவம் 2) - இறப்பு நிகழ்ந்ததைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் தாள்.
* இறப்புக் காரண மருத்துவச் சான்று (படிவம் 4 அல்லது 4அ) - சிகிச்சை அளித்த மருத்துவர் எழுதித் தரும் தாள்.
* இறப்புச் சான்றிதழ் (படிவம் 6) - பதிவு முடிந்த பின்னர் பதிவாளர் வழங்கும் சான்று.

இவற்றுள் நீதிமன்றம், வங்கி, வட்டாட்சியர் அலுவலகம் முதலிய இடங்களில் இறப்புக்குச் சான்றாக ஏற்கப்படுவது மூன்றாவது தாளே. மருத்துவமனையில் தரப்படும் சீட்டும் மயானத்தில் தரப்படும் இரசீதும் இறப்புச் சான்றிதழ் ஆகமாட்டா.

வரலாறு

சென்னை மாகாணத்தில் இறப்புகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் 1860-களில் தொடங்கியது. வாந்திபேதி, அம்மை, காய்ச்சல் முதலிய சில தலைப்புகளின் கீழ் ஊர் அலுவலர்கள் இறப்புகளைக் குறித்து வட்ட அலுவலகத்துக்கு அனுப்பி வந்தனர். இக்கணக்கின் குறைகள் 1876-78 பெரும் பஞ்சத்தின்போது வெளிப்பட்டன. பிழைப்புத் தேடிச் சாலைகளிலும் முகாம்களிலும் இறந்தவர்கள் எந்த ஊர்ப் பதிவேட்டிலும் இடம்பெறவில்லை. ஆயினும் மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த வில்லியம் ராபர்ட் கார்னிஷ் போன்றோர் பஞ்சத்தின் அளவை மதிப்பிட இந்தப் பதிவுகளையே நாட வேண்டியிருந்தது. 1918-ஆம் ஆண்டின் இன்புளுவென்சா கொள்ளைநோயிலும் இதே நிலை ஏற்பட்டது. இந்தியாவெங்கும் அந்நோயால் இறந்தவர்களுள் பெரும்பாலோர் "காய்ச்சல்" என்னும் தலைப்பிலேயே பதிவாயினர். முந்தைய ஆண்டுகளின் இறப்பு எண்ணிக்கையோடு ஒப்பிட்டே உயிரிழப்பைப் பின்னர் கணிக்க முடிந்தது.

1886-ஆம் ஆண்டில் பிரித்தானிய இந்திய அரசு இயற்றிய பதிவுச் சட்டம், விரும்புவோர் பதியலாம் என்ற அளவில் நின்றது. 1899-ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் தனக்கெனத் தனிப் பதிவுச் சட்டம் ஒன்றை இயற்றியது (1899-ஆம் ஆண்டின் 3-ஆம் சட்டம்). மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்ட இச்சட்டங்களுக்கு மாற்றாக, நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் 1969 மே 31 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. தமிழ்நாட்டில் இது 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஊர்ப்புறங்களில் பதிவேடு நெடுங்காலம் பரம்பரை ஊர் அலுவலர்களிடம் இருந்தது. 1980 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அதன் பின்னர் உருவான கிராம நிர்வாக அலுவலர் பதவியினரிடம் ஊராட்சிப் பகுதிகளின் பதிவுப் பணி வந்து சேர்ந்தது.

நிர்வாக அமைப்பு

நாட்டளவில் இந்தியத் தலைமைப் பதிவாளர் பதிவுப் பணியை ஒருங்கிணைக்கின்றார். மாநில அளவில் முதன்மைப் பதிவாளர் ஒருவர் உள்ளார். தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறையின் இயக்குநர் இப்பொறுப்பை வகிக்கின்றார். மாவட்டப் பதிவாளர்களும், அவர்களின் கீழ் ஒவ்வோர் உள்ளாட்சிப் பகுதிக்குமான பதிவாளர்களும் செயல்படுகின்றனர். மாநகராட்சிகளில் பொதுச் சுகாதாரப் பிரிவும், ஊராட்சிகளில் கிராம நிர்வாக அலுவலரும் பொதுமக்கள் நேரடியாக அணுக வேண்டிய இடங்களாகும்.

மதுரை 1866-ஆம் ஆண்டில் நகராட்சியாகவும், 1971-ஆம் ஆண்டில் மாநகராட்சியாகவும் ஆனது. நகர எல்லைக்குள் நிகழும் இறப்புகள் மதுரை மாநகராட்சியின் பதிவேட்டில் ஏறுகின்றன.

பதிவுசெய்யும் இடம்

இறப்பு எந்த இடத்தில் நிகழ்ந்ததோ, அந்த இடத்துக்குரிய பதிவாளரிடமே அதைப் பதிய வேண்டும். இறந்தவர் வாழ்ந்த ஊரோ, அடக்கம் செய்யப்பட்ட ஊரோ கருதப்படுவதில்லை.

மதுரையைச் சுற்றியுள்ள பகுதிகளில் இவ்விதி அடிக்கடி சிக்கலை ஏற்படுத்துகின்றது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் ஆகிய வட்டங்களில் இருந்தும், தேனி, சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களில் இருந்தும் நோயாளிகள் கொண்டுவரப்படுகின்றனர். எடுத்துக்காட்டாக, உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள ஓர் ஊரைச் சேர்ந்தவர் இம்மருத்துவமனையில் இறந்து, சொந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டதாகக் கொள்ளலாம். அவ்வூர்க் கிராம நிர்வாக அலுவலர் இந்த இறப்பைப் பதிய இயலாது. பதிவும் சான்றிதழும் மதுரை மாநகராட்சிக்கு உரியவை. ஊரில் விண்ணப்பித்துக் காத்திருந்து காலவரம்பைத் தவறவிடும் குடும்பங்கள் உண்டு.

இதன் மறுவிளைவாக, பெரிய மருத்துவமனைகள் உள்ள நகரங்களின் பதிவேடுகளில் வெளியூர்க்காரர்களின் இறப்புகளும் சேர்ந்துகொள்கின்றன. எனவே இறந்தவர் வழக்கமாக வாழ்ந்த ஊர் எது என்னும் தகவல் அறிக்கையில் தனியே கேட்கப்படுகின்றது. நகரம் ஒன்றின் இறப்பு எண்ணிக்கையை மட்டும் கொண்டு அந்நகர மக்களின் உடல்நலத்தைக் கணிப்பது தவறான முடிவைத் தரும்.

ஓடும் ஊர்தியில் நிகழும் இறப்புக்கு, ஊர்தி முதலில் நிற்கும் இடம் இறப்பு நிகழ்ந்த இடமாகக் கொள்ளப்படும். ஊர்தியின் பொறுப்பாளர் தகவல் தர வேண்டும். நோயாளி ஊர்தியில் செல்லும்போது நிகழும் இறப்புக்கும் இவ்விதி பொருந்தும்.

தகவல் தரவேண்டியவர்கள்

சட்டத்தின் 8-ஆம் பிரிவு, இறப்பு நிகழும் இடத்தைப் பொறுத்து, தகவல் தரும் கடமையை வெவ்வேறு நபர்களிடம் ஒப்படைக்கின்றது.

* வீட்டில் நிகழும் இறப்பு - குடும்பத் தலைவர். அவர் இல்லாதபோது வீட்டில் உள்ள அவருடைய நெருங்கிய உறவினர். அவரும் இல்லாதபோது வீட்டில் உள்ள மூத்தவர்.
* மருத்துவமனை, நலவாழ்வு நிலையம் - பொறுப்பு மருத்துவ அலுவலர் அல்லது அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவர்.
* சிறைச்சாலை - பொறுப்புச் சிறை அலுவலர்.
* சத்திரம், விடுதி, தங்குமனை, கள்ளுக்கடை முதலிய பொது இடங்கள் - அவ்விடத்தின் பொறுப்பாளர்.
* பொது இடத்தில் கைவிடப்பட்ட நிலையில் காணப்படும் உடல் - ஊர்ப்பகுதியில் ஊர்த் தலைவர் அல்லது அவருக்கு நிகரான அலுவலர், பிற இடங்களில் காவல் நிலையப் பொறுப்பு அலுவலர்.

இப்பட்டியலில் ஆங்கில மூலத்திலேயே "சத்திரம்" என்னும் சொல் அவ்வாறே இடம்பெற்றுள்ளது. இராணி மங்கம்மாள் பெயரில் தொடர்வண்டி நிலையத்தின் எதிரே சத்திரம் கொண்டுள்ள மதுரை போன்ற கோயில் நகரங்களில் இப்பிரிவு வெறும் ஏட்டு விதி அன்று. வெளியூர்ப் பயணி ஒருவர் விடுதி அறையில் இறக்கும்போது, உறவினர் வரும்வரை காத்திராமல் தகவல் தருவது விடுதிப் பொறுப்பாளரின் கடமை ஆகும்.

தகவலை எழுத்திலோ வாய்மொழியாகவோ தரலாம். வாய்மொழியாகத் தரப்படும்போது பதிவாளரே விவரங்களை எழுதி, தகவல் தந்தவரின் கையொப்பத்தையோ, எழுதத் தெரியாதவராயின் பெருவிரல் அடையாளத்தையோ பெற வேண்டும். எழுத்தறிவின்மை பதிவுக்குத் தடை ஆகாது.

10-ஆம் பிரிவின்படி, மருத்துவப் பணியாளர்களும், சுடுகாடு, இடுகாடு ஆகியவற்றின் பொறுப்பாளர்களும் தமக்குத் தெரியவரும் இறப்புகளைப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். மதுரையில் தத்தனேரி, மூலக்கரை மயானங்களின் பதிவேடுகள் இவ்வகையில் பயன்படுகின்றன. மயானக் கணக்கில் உள்ள ஒரு பெயர் இறப்புப் பதிவேட்டில் இல்லையெனில், பதிவு விடுபட்டுள்ளதை அதன்வழி கண்டறியலாம்.

இறப்பு அறிக்கை

படிவம் 2 எனப்படும் இறப்பு அறிக்கை இரண்டு பகுதிகளைக் கொண்டது.

முதற்பகுதி சட்டப் பகுதி ஆகும். இறந்த நாள், இறந்தவரின் பெயர், பால், வயது, தந்தை அல்லது கணவர் பெயர், இறந்த இடம், நிலையான முகவரி, தகவல் தருபவரின் பெயர், முகவரி ஆகியவை இதில் இடம்பெறும். இப்பகுதிகள் தொகுக்கப்பட்டு இறப்புப் பதிவேடு ஆகின்றன. ஒவ்வோர் ஆண்டும் சனவரி முதல் நாளில் புதிய பதிவேடு தொடங்கப்படும். இது நிலையான ஆவணம். அழிக்கப்படக் கூடாதது.

இரண்டாம் பகுதி புள்ளியியல் பகுதி. இறந்தவரின் வாழிட ஊர், சமயம், தொழில், இறப்பதற்கு முன் பெற்ற மருத்துவ உதவி, இறப்பின் காரணம் மருத்துவரால் சான்றளிக்கப்பட்டதா என்பவை இதில் கேட்கப்படுகின்றன. புகைத்தல், புகையிலை மெல்லுதல், பாக்கு மெல்லுதல், மது அருந்துதல் ஆகிய பழக்கங்கள் எத்தனை ஆண்டுகள் இருந்தன என்றும் கேட்கப்படுகின்றது. பெண்ணாயின், இறப்பு கருவுற்ற காலத்திலோ, பேற்றின்போதோ, கருக்காலம் முடிந்து 6 வாரங்களுக்குள்ளோ நிகழ்ந்ததா என்னும் வினாவும் உண்டு. இப்பகுதி பதிவேட்டில் இருந்து பிரிக்கப்பட்டு, மாதந்தோறும் தொகுப்புக்காக மேல் அலுவலகத்துக்கு அனுப்பப்படும்.

சட்டப் பகுதியை எழுதும்போது பெயரின் எழுத்தமைப்பில் நேரும் பிழையே பின்னாளில் மிகுந்த அலைச்சலைத் தருகின்றது. தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வழக்கம் குறைவு. முன்னெழுத்து, அழைக்கும் பெயர், ஆவணப் பெயர் ஆகியவை ஒருவருக்கே வேறுபடலாம். வீட்டில் "பெரியகருப்பன்" என அழைக்கப்பட்டவர் நிலப்பத்திரத்தில் "க. கருப்பையா" என இருக்கக்கூடும். துயரத்தில் இருக்கும் குடும்பத்தின் சார்பில் அண்டை வீட்டாரோ மருத்துவமனைக்கு உடன் வந்தவரோ தரும் பெயர் அப்படியே பதிவேறிவிட்டால், அதைக் காப்பீட்டு ஆவணத்தோடும் பட்டாவோடும் பொருத்துவது கடினமாகின்றது. எனவே குடும்ப அட்டை, ஆதார் அட்டை போன்ற ஓர் ஆவணத்தைப் பார்த்துப் பெயரை எழுதுதல் வேண்டும்.

இறப்பின் காரணத்தைச் சான்றளித்தல்

மருத்துவமனையில் நிகழும் இறப்புக்குப் படிவம் 4-இலும், மருத்துவமனைக்கு வெளியே நிகழும் இறப்புக்குப் படிவம் 4அ-விலும் காரணச் சான்று எழுதப்படும். கடைசி நோயின்போது சிகிச்சை அளித்த மருத்துவர், தாம் அறிந்த அளவிலும் நம்பும் அளவிலும் காரணத்தைக் குறிப்பிட வேண்டும். இதற்குக் கட்டணம் பெறக் கூடாது.

இப்படிவங்கள் உலக நலவாழ்வு அமைப்பு வகுத்த பன்னாட்டு மாதிரியைப் பின்பற்றியவை. முதற்பகுதியில் (அ), (ஆ), (இ) என மூன்று வரிகள் உள்ளன. (அ) வரியில் உடனடிக் காரணமும், அதற்குக் கீழே அதை விளைவித்த நிலைகளும், கடைசி வரியில் இவை அனைத்துக்கும் மூலமான நோயும் எழுதப்பட வேண்டும். இறப்புக்குத் துணைபுரிந்த பிற நோய்கள் இரண்டாம் பகுதியில் இடம்பெறும். ஒவ்வொன்றும் தொடங்கி எத்தனை காலம் ஆனது என்பதையும் எதிரே குறிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நீரிழிவு நோயாளி ஒருவர் காலில் புண் அழுகி, நச்சு இரத்தத்தில் பரவி இறந்தால், படிவம் பின்வருமாறு அமையும்:

* முதற்பகுதி (அ): குருதி நச்சேற்றம் - 3 நாட்கள்
* முதற்பகுதி (ஆ): கால் தசையழுகல் - 3 வாரங்கள்
* முதற்பகுதி (இ): நீரிழிவு நோய் - 12 ஆண்டுகள்
* இரண்டாம் பகுதி: உயர் இரத்த அழுத்தம்

புள்ளிவிவரத்தில் இந்த இறப்பு நீரிழிவின் கணக்கில் சேரும். மூல நோயைத் தடுத்திருந்தால் பின்னைய நிலைகள் வந்திரா என்பதே இதன் அடிப்படை.

நடைமுறையில் காணப்படும் பொதுவான பிழை, "இதயமும் மூச்சும் நின்றதால் இறப்பு" என ஒரே வரியில் எழுதி முடிப்பதாகும். இதயமும் மூச்சும் நிற்பது இறப்பின் முறையே அன்றிக் காரணம் அன்று. இறப்பின் முறையை எழுதக் கூடாது என்னும் குறிப்பு படிவத்திலேயே அச்சிடப்பட்டுள்ளது. இவ்வாறு எழுதப்பட்ட சான்றை எந்த நோயின் கீழும் வகைப்படுத்த இயலாது. இது தமிழில் பெரும்பாலும் "மாரடைப்பு" எனப் பெயர்க்கப்படுவதால் இதய நோய் என்னும் தவறான பொருளும் ஏற்படுகின்றது. மாரடைப்பு என்பது இதயத் தசைக்குச் செல்லும் குருதி தடைப்படும் தனி நோய் ஆகும்.

2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 81.2 இலட்சம் இறப்புகள் பதிவாயின. அவற்றுள் 22.5 விழுக்காட்டுக்கே மருத்துவக் காரணச் சான்று இருந்தது. எஞ்சியவற்றில், "முதுமை", "காய்ச்சல்", "நெஞ்சுவலி" எனக் குடும்பத்தினர் சொல்லும் சொல்லே பெரும்பாலும் காரணமாக எஞ்சுகின்றது.

கால வரம்பும் தாமதப் பதிவும்

இறப்பு நிகழ்ந்த 21 நாட்களுக்குள் தகவல் தரப்பட வேண்டும். இக்காலத்துக்குள் பதியப்படும் இறப்புக்கு, தகவல் தந்தவருக்கு முதல் சான்றிதழ் கட்டணமின்றி வழங்கப்படும். அதன் பின்னர் 13-ஆம் பிரிவின்படி மூன்று நிலைகள் உள்ளன.

* 21 நாட்களுக்குப் பின், 30 நாட்களுக்குள் - தாமதக் கட்டணம் செலுத்திப் பதியலாம்.
* 30 நாட்களுக்குப் பின், ஓராண்டுக்குள் - குறிக்கப்பட்ட மேல் அலுவலரின் எழுத்து வழி அனுமதியும் தாமதக் கட்டணமும் தேவை. முன்பு உறுதிமொழி ஆவணம் கேட்கப்பட்டது. 2023 திருத்தத்துக்குப் பின் தாமே சான்றொப்பமிட்ட ஆவணம் போதுமானது.
* ஓராண்டுக்குப் பின் - நிர்வாகத்துறை நடுவரின் ஆணை தேவை. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் இதனை விசாரித்து ஆணையிடுகின்றார். முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரை அணுக வேண்டியிருந்தது.

ஓராண்டு கடந்த நிலையில், குறிப்பிட்ட இறப்பு பதிவேட்டில் இல்லை என்பதற்கான சான்றை (படிவம் 10) முதலில் பெற வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் இறந்த பாட்டனாரின் பெயரில் உள்ள நிலத்தைப் பாகப்பிரிவினை செய்ய முற்படும்போதுதான், இறப்பு பதியப்படவே இல்லை என்பது பல குடும்பங்களுக்குத் தெரியவருகின்றது. அந்நிலையில் நேரில் கண்டவர்களும் உயிரோடு இருப்பதில்லை.

இறப்புச் சான்றிதழ்

பதிவேட்டின் சட்டப் பகுதியில் இருந்து எடுக்கப்படும் சான்றிட்ட படியே இறப்புச் சான்றிதழ் ஆகும். எவரும் குறிக்கப்பட்ட கட்டணம் செலுத்திப் பதிவேட்டில் தேடச் செய்து படி பெறலாம். ஆனால் இறப்பின் காரணம் அதில் வெளியிடப்படக் கூடாது என்று 17-ஆம் பிரிவு தடை விதிக்கின்றது. எய்ட்சு, காசநோய், தற்கொலை போன்ற காரணங்கள் வெளிப்பட்டால் குடும்பத்துக்கு நேரக்கூடிய இழுக்கு தவிர்க்கப்படுகின்றது. மருத்துவர் தயக்கமின்றி உண்மைக் காரணத்தை எழுதவும் இது வழிசெய்கின்றது.

பதிவில் பிழை இருப்பின் 15-ஆம் பிரிவின் கீழ்த் திருத்தலாம். மூலப் பதிவு அழிக்கப்படுவதோ மாற்றி எழுதப்படுவதோ இல்லை. திருத்தம் ஓரத்தில் எழுதப்பட்டு, பதிவாளரின் கையொப்பமும் நாளும் இடப்படும்.

இறப்புச் சான்றிதழ் ஒருவர் இறந்தார் என்பதை மட்டுமே மெய்ப்பிக்கும். அவருடைய வாரிசுகள் யாவர் என்பதை அது கூறுவதில்லை. அதற்கு வட்டாட்சியரிடம் தனியே வாரிசுச் சான்றிதழ் பெற வேண்டும்.

சிறப்பு நிலைமைகள்

பிறந்தவுடன் இறக்கும் குழந்தை: சட்டத்தின்படி, உயிருடன் பிறந்த பின்னர் எந்நேரத்திலும் உயிரின் அடையாளங்கள் அனைத்தும் நிலையாக மறைவதே இறப்பு. எனவே ஒரு முறை மூச்சுவிட்டு இறந்த குழந்தைக்கும் பிறப்பு, இறப்பு ஆகிய இரு பதிவுகள் தேவை. 28 வாரக் கருக்காலத்துக்குப் பின் உயிரின்றிப் பிறக்கும் குழந்தை, படிவம் 3-இல் இறந்து பிறந்ததாகத் தனியே அறிக்கையிடப்படும்.

இயற்கைக்கு மாறான இறப்பு: விபத்து, தற்கொலை, கொலை, ஐயத்துக்குரிய இறப்பு ஆகியவற்றில் காவல்துறை விசாரணையும் உடற்கூறாய்வும் நடைபெறும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின் கீழ் நடந்த இவ்விசாரணை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவின் கீழ் நடைபெறுகின்றது. காவலில் நிகழும் இறப்பை நடுவர் விசாரிக்க வேண்டும். காரணம் முடிவாகாதபோது, படிவத்தில் "விசாரணையில் உள்ளது" எனக் குறிக்க இடமுண்டு.

காணாமற்போனவர்: ஏழு ஆண்டுகள் எத்தகவலும் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளச் சாட்சியச் சட்டம் இடமளிக்கின்றது. இதற்கு நீதிமன்றத்தின் தீர்ப்பு தேவைப்படுகின்றது. பதிவாளர் தாமாக இவ்வாறு முடிவுசெய்ய இயலாது.

வெளிநாட்டில் நிகழும் இறப்பு: வளைகுடா நாடுகள் முதலியவற்றில் பணிபுரியும்போது இறக்கும் இந்தியக் குடிமக்களின் இறப்பு அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதியப்படும். உடல் சொந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டாலும், உள்ளூர்ப் பதிவேட்டில் அது ஏறாது.

பதிவேடுகள் காட்டியவை

1986 ஜூனில் "இந்தியா டுடே" இதழ், மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கொலை நடப்பதை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. வீட்டில் பிறந்து சில நாட்களில் கொல்லப்பட்ட குழந்தைகளுக்குப் பிறப்புப் பதிவும் இல்லை, இறப்புப் பதிவும் இல்லை. ஆகவே குற்றத்தின் அளவை அறியவும் வழியில்லாதிருந்தது. பின்னர் ஆரம்ப சுகாதார நிலையங்களின் குழந்தை இறப்புக் குறிப்புகள் இதற்குத் துணைபுரிந்தன. அவற்றில் சில இறப்புகளுக்கு "சமூகக் காரணங்கள்" எனக் குறிக்கப்பட்டிருந்தது. அது சிசுக்கொலையை மறைமுகமாகச் சுட்டும் சொல். ஷீலா ராணி சுங்கத்தும் வெ. பா. ஆத்ரேயாவும் இக்குறிப்புகளைக் கொண்டு தமிழ்நாட்டில் சிசுக்கொலை பரவியிருந்த பகுதிகளை 1997-இல் வெளியிட்ட ஆய்வில் அடையாளம் காட்டினர். ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் தயக்கத்தோடு எழுதிய அக்குறிப்புகளே சான்றாயின.

இறப்புப் பதிவின் முகவரியைக் கொண்டு வீடு தேடிச் சென்று, குடும்பத்தினரிடம் நோய்க்குறிகளைக் கேட்டுக் காரணத்தை மீட்டறியும் முறை "வாய்மொழிப் பிணக்கூறாய்வு" எனப்படும். 1990-களின் பிற்பகுதியில் வே. கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ ஆகியோர் சென்னையிலும் விழுப்புரம் மாவட்ட ஊர்களிலுமாகச் சுமார் 80,000 வயதுவந்தோரின் இறப்புகளை இம்முறையில் ஆராய்ந்தனர். 43,000 ஆண்களின் இறப்புகளைக் கொண்டு 2003-இல் "லான்செட்" இதழில் வெளிவந்த ஆய்வு, இந்திய ஆண்களின் காசநோய் இறப்புகளில் ஏறத்தாழப் பாதி புகைப்பழக்கத்தால் நிகழ்பவை என மதிப்பிட்டது.

கோவிட்-19 நோயால் தமிழ்நாட்டில் நிகழ்ந்த முதல் இறப்பு, 2020 மார்ச் 25 அன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது. அதே ஆண்டு ஜூலை 22 அன்று, சென்னையின் இறப்புப் பதிவுகளை ஒப்பிட்டு ஆராய்ந்த குழுவின் அறிக்கைப்படி, முன்பு விடுபட்ட 444 இறப்புகளைத் தமிழ்நாடு அரசு கோவிட் கணக்கில் சேர்த்தது. 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், கோவிட் இறப்புகளுக்கு உதவித்தொகை வழங்க நெறிமுறை வகுக்குமாறும், இறப்புச் சான்று பெறுவதை எளிமையாக்குமாறும் ஆணையிட்டது. உதவித்தொகை 50,000 ரூபாய் என முடிவாயிற்று. சான்றிதழில் காரணம் இடம்பெறாத நிலையில், படிவம் 4-இல் மருத்துவர் எழுதிய வரி பல குடும்பங்களுக்கு முதன்மைச் சான்றாயிற்று. அதில் "நுரையீரல் அழற்சி" என்று மட்டும் எழுதப்பட்டிருந்த குடும்பத்தினர் மாவட்டக் குழுக்களை அணுக வேண்டியிருந்தது.

2023-ஆம் ஆண்டுத் திருத்தம்

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

* பிறப்பு இறப்புத் தரவுகளுக்கு நாட்டளவில் ஒரே தரவுத்தளம்.
* பதிவு முடிந்த 7 நாட்களுக்குள் மின்னணு முறையிலோ வேறு முறையிலோ சான்றிதழ்.
* அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி அனைத்து மருத்துவமனைகளும் காரணச் சான்றைப் பதிவாளருக்கு அனுப்பி, அதன் படியை நெருங்கிய உறவினருக்கு வழங்க வேண்டும்.
* பேரிடர், கொள்ளைநோய்க் காலங்களில் சிறப்புத் துணைப் பதிவாளர்களை அமர்த்தலாம்.
* 50 ரூபாயாக இருந்த தண்டத் தொகை உயர்த்தப்பட்டது.

காரணச் சான்றின் படி உறவினருக்குக் கிடைப்பதால், காரணம் பொதுச் சான்றிதழில் மறைந்திருக்கும் பாதுகாப்பும் தொடர்கின்றது, குடும்பம் அதனை அறியும் உரிமையும் உறுதியாகின்றது.

குறைபாடுகள்

பதிவைத் தூண்டுவது பெரும்பாலும் சான்றிதழின் தேவையே. சொத்து, காப்பீடு, ஓய்வூதியம் எதுவும் இல்லாதவரின் இறப்பைப் பதியக் குடும்பத்துக்கு உடனடிக் காரணம் இருப்பதில்லை. இதனால் குழந்தைகள், பெண்கள், நிலமற்ற தொழிலாளர்கள் ஆகியோரின் இறப்புகளே மிகுதியாக விடுபடுகின்றன. பொதுச் சுகாதாரத் திட்டங்கள் முதன்மையாகக் கருத்தில் கொள்ள வேண்டியவர்களும் இவர்களே. தமிழ்நாட்டில் பேறுகால இறப்புகள் 1990-களில் இருந்து ஒவ்வொன்றாகத் தனியே ஆராயப்பட்டு வருகின்றன. மற்றப் பெரும்பாலான இறப்புகளுக்கு அத்தகைய தனி ஆய்வு இல்லை. வீட்டில் நிகழும் அவற்றின் காரணம், பதிவாளரிடம் குடும்பத்தினர் சொல்லும் ஒரு சொல்லையே இன்றும் சார்ந்துள்ளது.

இவற்றையும் பார்க்க

* வாரிசுச் சான்றிதழ்
* கிராம நிர்வாக அலுவலர்
* பெண் சிசுக்கொலை
* மதுரை மாநகராட்சி